மெல்வா எந்தப் பக்கம் ஓடுகிறது

அத்தியாயம் 11

நதி எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற கேள்வியைக் கையில் கொடுத்து, இவோனாவை அவள் அம்மா வீடு இருக்கிற கொஸானுஃப் போகும் டிராமில் ஏற்றிவிட்டு, போன வாரம் நாம் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அவள் பாவம், இறங்கிவிட்டாள். நாமும் பின்னாலேயே இறங்குவோம்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்கள் முழிக்க வேண்டாம். விஷயம் இதுதான். இவோனாவின் அம்மா தெக்லா 'சதுப்பு நாடு' என்ற மாயக்கதையை ஏழு பாகமாக எழுதியவர். போலந்தில் அந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். அதை இப்போது வீடியோ கேமாக எடுக்கிறார்கள். எடுக்கிற கம்பெனியில்தான் இவோனாவுக்கு வேலை. கதைக் காப்பாளர் என்று பதவி. கேமில் எவனாவது புத்தகத்துக்கு மாறாக மூக்கைச் சொறிந்தாலும் அவள் மணியடிக்க வேண்டும். அம்மாவின் கதைக்கு மகளையே காவல் போட்டவன் கெட்டிக்காரனா, வம்பை விலைக்கு வாங்கியவனா என்பது இன்றைக்குத் தெரியும்.

சிக்கல் மெல்வா நதியில். முதல் மூன்று பாகங்களிலும் அது ஆலை வீட்டிலிருந்து கடல்கோட்டைக்கு ஓடுகிறது. ஆலை வீடுதான் கதாநாயகன் டோப்ரானின் வீடு. நான்காம் பாகத்தில் டோப்ரான் அடிபட்டு, கடல்கோட்டையில், துடுப்பில்லாத ஒரு படகில் மல்லாந்து கிடக்கிறான். நதி அவனைத் தானாகவே ஆலை வீட்டுக்கு, அவன் மனைவியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இந்தக் காட்சியைக் கல்யாணத்தில் எழுந்து நின்று படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சாவு வீட்டிலும் படிக்கிறார்கள். நதி தலைகீழாக ஓடுகிறதே என்று இணையத்தில் அடித்துக்கொள்பவர்களும் அவர்களேதான்.

காகிதத்தில் நதி எப்படி வேண்டுமானாலும் ஓடிக்கொள்ளலாம். கேமில் நடக்காது. விளையாடுகிற பையன் ஒரு மரக்கட்டையைத் தண்ணீரில் தூக்கிப் போட்டுப் பார்த்துவிடுவான்.

இன்று மாலை ஆறு மணிக்கு கேமின் வரைபடத்தைப் பூட்டுகிறார்கள், பிறகு மாற்ற முடியாது. அதற்குள் தெக்லாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அதுவே சட்டம். வராவிட்டால் இயக்குநர் போரிஸ் ஒரு வழி வைத்திருக்கிறான். ராட்சதக் கெளுத்தி மீன். அது படகைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போகும்.

"மீசையெல்லாம் வெச்சு அட்டகாசமா இருக்கும் இவோனா. பொம்மை செஞ்சுகூட விக்கலாம்" என்று நேற்று அவன் சொன்னபோது இவோனாவுக்கு அழுகை வந்தது. அவள் அந்தப் படகுக் காட்சியைப் படித்துப் படித்து வளர்ந்தவள்.

நான்காம் மாடிக்கு ஏறி மணியை அழுத்தினாள். கதவைத் திறந்தவர் அப்பா விதோல்ட். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் டை, காலில் மட்டும் வீட்டுச் செருப்பு. தெக்லாவின் பெயர்நாள் ஆயிற்றே, காலண்டரில் அந்தப் பெயருக்கென்று குறித்திருக்கும் நாள். இந்த ஊரில் பிறந்தநாளை மறந்தால் மன்னிப்பு உண்டு. பெயர்நாளை மறந்தால் கிடையாது. யாரையும் அழைக்க வேண்டாம், காலண்டரைப் பார்த்து அவர்களே வருவார்கள். வந்தவர்களுக்கு கேக் இல்லையென்றால் கட்டடம் முழுக்கப் பேச்சாகிவிடும்.

"சத்தம் போடாதே இவோன்கா. உங்கம்மா சமையல் ரூம்ல இருக்கா. இப்படி வா."

மகளைத் தள்ளிக்கொண்டு பால்கனிக்குப் போனார். தக்காளிச் செடிகளுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு காகிதச் சுருளை எடுத்தார். கோடை முழுவதும் இந்த மனிதர் பால்கனியில் குனிந்துகொண்டு என்னதான் செய்கிறார் என்று எதிர்க் கட்டடத்தில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பதில் இதுதான்.

விதோல்ட் ஓய்வுபெற்ற நீர்ப் பொறியாளர். ஓட்ரா நதியின் மதகுகளோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவர். மனைவியின் புத்தகங்களில் முன்பக்கத்தில் வரும் வரைபடமெல்லாம் அவர் கைவேலை. நான்காம் பாகத்தில் மட்டும் வரைபடம் கிடையாது. அச்சகத்தில் தாள் தட்டுப்பாடு என்று அப்போது சொல்லிக்கொண்டார்கள். எல்லோரும் நம்பினார்கள்.

"இதோ பார். கோட்டைக்குப் பக்கத்துல ஒரு கால்வாய். புயல் அடிச்சு கடல் பொங்கினா தண்ணி இதுவழியா உள்ளே ஏறும். இங்க மதகு. சாத்திட்டா திரும்பாது. அந்த ஏத்தத்துலதான் படகு வீட்டுக்கு வந்துது. மூணு பாகமும் சரி, நாலாவதும் சரி! எவனும் வாயைத் திறக்க முடியாது."

இவோனாவுக்கு அந்த இடத்திலேயே ஆடலாம் போலிருந்தது. கால்வாய்! கெளுத்தியும் வேண்டாம், காட்சியை வெட்டவும் வேண்டாம்.

"அப்பா, நீங்க தெய்வம்."

"விருந்துல எல்லார் முன்னாடியும் குடுக்கப்போறேன். உங்கம்மாவோட தப்பை நானே சரிபண்ணிட்டேன் பாரு. நீ மூச்சு விடக்கூடாது."

சமையலறையில் தெக்லா பிளம் பழங்களோடு உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் முத்தம் கொடுத்தார், கையோடு ஒரு கத்தியையும் கொடுத்தார்.

"கொட்டையை எடு."

"அம்மா, ஆறு மணிக்குள்ள எனக்கு..."

"ஆறு மணிக்கு கேக்கே தீந்திருக்கும். எடுடி."

இவோனா எடுத்தாள். எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லிடும்மா. மெல்வா எந்தப் பக்கம் ஓடுது?"

"எழுதினது எழுதினதுதான்."

"ரெண்டு விதமா எழுதியிருக்கியே!"

"அப்ப ரெண்டும்தான்."

மூன்று வாரமாக இதே பதில். தெக்லா மாவைப் பிசிறி பழத்தின் மேல் தூவினார். முகத்தில் ஒரு சிரிப்பு.

"ஆமா, வாசகர்கள் என்னவோ சொல்றாங்களாமே, என்னடி அது?"

"சதுப்பு நாட்டுக்கு ரெண்டு நிலா இருக்கு, அது ரெண்டும் சேந்து தண்ணியை இழுத்துடுச்சுன்னு ஒரு கோஷ்டி. டோப்ரானுக்குக் காய்ச்சல், படகுல போனதே கனவுன்னு இன்னொரு கோஷ்டி. எழுதினவங்களுக்கு வயசாயிடுச்சுன்னு மூணாவது கோஷ்டி."

"அப்ப எனக்கு நரையே வரலையேடி! அந்த நிலா நல்லா இருக்கு. எனக்குத் தோணாம போச்சு."

"கை தவறி எழுதிட்டேன்னு சொல்லிடேன்மா. தப்புன்னு ஒத்துக்கிட்டா யாரும் உன்னைக் கடிச்சுத் திங்கமாட்டாங்க."

தெக்லாவின் கை மாவுக்கு மேலே நின்றது.

"தப்பு" என்றார், அந்தச் சொல்லை நாக்கில் வைத்துப் பார்ப்பதுபோல. "உங்கப்பாவும் அதைத்தான் சொல்றார். வருஷா வருஷம் இதே நாள்ல. எல்லாரும் சிரிக்கிறாங்க. நானும் சிரிக்கிறேன்."

"கெளுத்தி விடப்போறாங்கம்மா."

"என்னது?"

"படகை இழுக்க. மீசை வெச்ச கெளுத்தி."

தெக்லா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு எங்கோ போய்விட்டது. தட்டை அடுப்புக்குள் தள்ளிவிட்டு, கையைத் துடைத்தபடி, மகளைப் பார்க்காமலே சொன்னார்.

"இழுத்துட்டு வந்தா அப்புறம் அதுல என்ன இருக்கு? யாரும் இழுக்கக்கூடாது. யாரும் துடுப்புப் போடக்கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதுக்கு மேல என்னைக் கேக்காதே."

இவோனா கேட்கவில்லை. பால்கனியில் இருக்கும் சுருளை நினைத்துக்கொண்டாள். கால்வாயில் யாரும் இழுக்கவுமில்லை, துடுப்பும் போடவில்லை. அம்மாவுக்குப் பிடித்துவிடும். இப்படித்தான் நினைத்தாள். படித்த பெண்தான், என்ன செய்ய?

நான்கு மணிக்கு முதல் ஆளாக மணியடித்தவர் தரைத்தளத்து பானி ரொசாலியா. பானி என்றால் இங்கே திருமதி. இந்தக் கட்டடத்தில் எந்த வீட்டில் என்ன கொதிக்கிறது என்பது அந்த வீட்டு அடுப்புக்கு முன்னால் அவருக்குத் தெரியும். கையில் டாலியாப் பூங்கொத்து. உள்ளே வந்ததும் மற்றவர்களின் பூக்களை ஒற்றைப்படையா, சாவு வீட்டுக்கு மட்டும் கொண்டுபோகும் இரட்டைப்படையா என்று கண்ணாலேயே எண்ணி முடித்துவிட்டு, மேசையைப் பார்த்தபடி வசதியான இடத்தில் உட்கார்ந்தார். பின்னாலேயே எட்டுப் பத்துப் பேர் வந்து சேர்ந்தார்கள். வாழ்த்துப் பாட்டு ஆயிற்று, ஒரு சுற்று பிளம் மது ஆயிற்று. விதோல்ட் எழுந்து நின்றார்.

"வாழ்நாள் முழுக்க ஓட்ராவோட போராடினேன். ஒரு முழம் தண்ணியை என்னால திருப்ப முடியல. என் பெண்டாட்டியைப் பாருங்க. நாற்காலியில உக்காந்த எடத்துலயே ஒரு ஆத்தை மலையேத்திட்டா!"

சிரிக்க வேண்டிய இடம் எல்லோருக்கும் மனப்பாடம். சிரித்தார்கள். தெக்லாவும் சிரித்தார். அம்மாவின் சிரிப்பு மற்றவர்களுடையதைவிட ஒரு நொடி தாமதமாக வந்ததை இவோனா இன்றைக்குத்தான் பார்த்தாள்.

"இந்த வருஷத்தோட அந்தக் கேலிக்கு முற்றுப்புள்ளி. தெக்லூனியா, இந்தா. இனிமே யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல முடியாது."

"சொல்றது நீங்க ஒருத்தர்தானே" என்றார் பானி ரொசாலியா, உருளைக்கிழங்குச் சாலட்டைப் பரிமாறிக்கொண்டே.

தெக்லா நாடாவை அவிழ்த்தார். மேசையில் தட்டுகளை நகர்த்தி இடம் செய்தார்கள். கோட்டை, சதுப்பு, ஆலை வீடு, கரையெல்லாம் நாணல், நடுவில் நீல மையில் புத்தம்புதுக் கால்வாய். தெக்லாவின் விரல் அந்த நீலத்தின் மேலேயே மெதுவாகப் போய் ஆலை வீட்டில் நின்றது. விருந்தாளிகள் எட்டிப் பார்த்து ஆகா என்றார்கள்.

"எவ்வளவு அழகா வரைஞ்சிருக்கே விதெக். நாணல்கூட ஒவ்வொண்ணா" என்றார் தெக்லா, கணவரைச் செல்லப் பெயரிட்டு.

"கோடை முழுக்க!"

"தெரியும். தக்காளிச் செடியைப் போன வருஷம் நீ இப்படிக் கொஞ்சலையே."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தெக்லா வரைபடத்தைச் சுருட்டி, நாடாவைக் கட்டி, கணவரின் கையிலேயே வைத்தார்.

"ஆனா இந்தக் கால்வாய் வேண்டாம்."

"வேண்டாமா? ஏன், எங்க தப்பு இருக்கு?"

"தப்பே இல்ல. அதான் வேண்டாம்."

மேசையில் கரண்டிகள் நின்றன. விதோல்டின் காது மடல் சிவந்தது.

"ஒரே ஒரு தப்பை ஒத்துக்கறதுக்கு உனக்கு எத்தனை வருஷம் வேணும் தெக்லா?"

செல்லப் பெயர் போய் முழுப்பெயர் வந்துவிட்டதைப் பானி ரொசாலியா குறித்துக்கொண்டார்.

"டீ யாருக்கு?" என்று கேட்டார் தெக்லா, யாரையும் பார்க்காமல்.

விதோல்ட் சுருளை நாற்காலியில் போட்டுவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவு அடிபடவில்லை. அடிபட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது இவோனாவுக்கு.

மணி ஐந்தேகால். கால்வாயும் போயிற்று. அவள் நடைவழியில் நின்று செருப்பைத் தேடியபோது பானி ரொசாலியா பின்னாலேயே வந்து நின்றார்.

"போ, பின்னாடியே போ. வீட்டுச் செருப்போட போறார் மனுஷன்."

"எங்க போயிருப்பாரு?"

"கரைக்குத்தான். வேற எங்க? கோபம் வந்தா ஆத்தைப் பாக்கற ஆளு." பிறகு குரலைத் தாழ்த்தினார். அதாவது, மூன்றாம் மாடி வரைக்கும்தான் கேட்டது. "ஏம்மா இவோன்கா, நீ ஊர்ல உள்ள கதையில எல்லாம் ஓட்டை கண்டுபிடிக்கறவளாமே. அந்த நாலாவது புஸ்தகம் எழுதறப்ப உங்கப்பா எங்க இருந்தார்?"

"லிபியால. அணை கட்டப் போயிருந்தாரு."

பானி ரொசாலியா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"லிபியால ஆறு இருக்கான்னு அவரையே கேளு."

படியிறங்கும்போது இவோனாவின் கால்கள் ஓடின, மனம் மட்டும் மாடிக்கு மாடி நின்றது. அவள் இரண்டாம் வகுப்பு படித்த வருஷம் அது. அப்பா லிபியா போனார். ஒரு குளிர்காலம் முழுக்க அம்மா இரவு பகலாகத் தட்டச்சு செய்தார். அடுத்த ஜூலையில் ஊரே வெள்ளத்தில் மிதந்தபோது, அப்பா ஒரு ரப்பர் படகில் இரண்டு தீயணைப்பு வீரர்களோடு இந்த வாசலுக்கே வந்து இறங்கினார். 'எங்கப்பா லிபியாவிலிருந்து ரப்பர் படகில் வந்தார்' என்று வகுப்பில் எழுந்து நின்று சொன்னாள். டீச்சர்கூட மறுத்துப் பேசவில்லை. சதுப்பு நாட்டில் ஒரு குதிரையின் நிறம் ஐந்தாம் பாகத்தில் மாறியதைக் கண்டுபிடித்தவள் அவள். இதை மட்டும் கேட்காமலே வளர்ந்துவிட்டாள்.

விதோல்ட் கரையின் மேல், ஈரப் புல்லில் காலை வைத்துக்கொண்டு, ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாய்களோடு நடப்பவர்கள் அவருடைய டையையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு போனார்கள். இவோனா பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இருவரும் ஓட்ராவைப் பார்த்தார்கள்.

"அப்பா, லிபியால ஆறு இருக்கா?"

அவர் திரும்பவில்லை.

"இந்தக் கேள்வியை நீ அப்பவே கேப்பேன்னு நெனச்சேன். நீ கேக்கல. எனக்கு நிம்மதியாப் போச்சு."

"எங்க இருந்தீங்க?"

"பிஷெக் டோல்னில. மதகுல வேலை. அங்கயே ஒரு ரூம் எடுத்துத் தங்கிட்டேன்." தொப்பியை எடுத்து முழங்கால் மேல் வைத்தார். "சண்டைன்னு பெருசா ஒண்ணும் இல்ல இவோன்கா. உங்கம்மா எழுதிக்கிட்டே இருந்தா. நான் அவ ராஜ்ஜியத்துக்கெல்லாம் வரைபடம் போட்டுக் குடுத்துட்டு, ஆறிப்போன சூப்பைக் குடிச்சிட்டிருந்தேன். ஒரு நாள் சொன்னேன், கூப்பிட்டாதான் வருவேன்னு. அவ சொன்னா, நான் கூப்பிடமாட்டேன்னு. அவ்வளவுதான்."

"ரெயில்ல ஒரு மணிநேரம்கூட இல்லையேப்பா!"

"வீம்புக்கு தூரம் ஏது?"

இவோனா சும்மா இருக்க முடியாமல், வேலைப் பழக்கத்தில் கேட்டுவைத்தாள்.

"பிஷெக் டோல்னி இங்கேருந்து மேலயா, கீழயா?"

"கீழ. இதோ இந்தத் தண்ணிதான் அங்க போகுது." தண்ணீரின் பேச்சு வந்ததும் அவருக்குக் குரல் தெம்பாகிவிட்டது. கையை நீட்டிக் காட்டினார். "இங்கேருந்து ஒரு கட்டையைப் போட்டா நாளைக்கு மதகுல போய் நிக்கும். அங்கேருந்து போட்டா இங்க வராது. வரணும்னா ஆறு..."

நீட்டிய கை அப்படியே நின்றது.

ஒரு நாய் வந்து அவர் செருப்பை முகர்ந்துவிட்டுப் போயிற்று. அவர் கவனிக்கவில்லை.

"அந்தப் படகு" என்றார் கடைசியில். "டோப்ரான் எங்கேருந்து கிளம்பறான்?"

"கடல்கோட்டைலேருந்து."

"அங்க என்ன இருக்கு?"

"கோட்டை... அப்புறம் பெரிய மதகு" என்றாள் இவோனா. சொல்லும்போதே அவளுக்கும் புரிந்துவிட்டது.

"துடுப்பு ஏன் இல்ல? படகுல துடுப்பு இல்லாம எவன் ஏறுவான்? நான் அதையும் அவகிட்ட கேலி பண்ணியிருக்கேன்."

இவோனாவுக்குப் புத்தகம் மனப்பாடம். கண்ணை மூடாமலே சொன்னாள். "'துடுப்பு இருந்திருந்தாலும் அவன் தொட்டிருக்க மாட்டான். அவன் அப்படிப்பட்டவன். ஆகவே நதிதான் திரும்ப வேண்டியிருந்தது.'"

விதோல்ட் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். ரொம்ப நேரம் சிந்தினார்.

"ஆத்தோட ஒவ்வொரு வளைவும் அவளுக்கு நான் சொல்லிக் குடுத்தது. எந்தப் பக்கம் ஓடும்னு அவளுக்குத் தெரியாதா? நான் ஒரு மடையன். வருஷா வருஷம் கையில கிளாஸை வெச்சுக்கிட்டு, எல்லார் முன்னாடியும்..." முடிக்கவில்லை. "அவ ஒரு தடவைகூடச் சொல்லல பாரு."

"கூப்பிடமாட்டேன்னு சொல்லிட்டா இல்ல" என்றாள் இவோனா. "கூப்பிட்டதை மட்டும் எப்படிச் சொல்லுவா?"

மணி ஐந்து ஐம்பது. இவோனாவின் போன் அடித்தது. போரிஸ்.

"எடு" என்றார் விதோல்ட். "ஆறு சரியாத்தான் ஓடுதுன்னு சொல்லு. சொன்னது ஒரு நீர்ப் பொறியாளர்னு சொல்லு."

இவோனா எடுத்தாள்.

"உங்கம்மா வாயைத் திறந்தாங்களா?" என்றான் போரிஸ்.

"எழுதினது எழுதினதுதான்னு சொல்லிட்டாங்க. அந்தக் காட்சியில மட்டும் தண்ணி திரும்புது போரிஸ். கடல்கோட்டைலேருந்து வீட்டுக்கு. யாரும் துடுப்புப் போடல, யாரும் இழுக்கல. மத்த நேரம் வழக்கம்போல கடலுக்கு ஓடட்டும்."

"விளையாடறவங்க காரணம் கேப்பாங்களே! நிலாவா, மந்திரமா? ஏதாவது ஒண்ணு குடு."

"காரணம் இருக்கு. அதை நாம விளக்கக்கூடாது. விளக்கினாதான் புத்தகத்துக்குத் துரோகம்."

"மரக்கட்டையைப் போட்டுப் பாப்பானுங்க."

"போடட்டும். கட்டையும் வீட்டுக்குத்தான் போகும்."



"கெளுத்தி?" என்றான் போரிஸ், கடைசி நம்பிக்கையோடு.

"கெளுத்தி வேண்டாம் போரிஸ்."

"சரி. உன் பேரைப் போட்டுப் பூட்டறேன். திட்டு வந்தா உனக்குத்தான்."

"போட்டுக்கோ" என்றாள். அம்மாவின் நதிக்குத் தன் பெயரைக் கொடுத்தது அவளுக்கு நன்றாக இருந்தது.

அவர்கள் திரும்பியபோது விருந்தாளிகளில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டிருந்தார்கள். பானி ரொசாலியா கிளம்பவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விதோல்ட் யாரிடமும் ஒன்றும் பேசாமல் நேராக அலமாரிக்குப் போனார். நான்காம் பாகத்தை உருவினார். தன் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப்பை, கால்சட்டைப்பை என்று கண்ணாடியைத் துழாவினார். கிடைக்கவில்லை.

தெக்லா எந்தப் பாகம் என்று பார்த்தார். மூக்கின் மேலிருந்த தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார்.

"உனக்குச் சரியா இருக்குமான்னு தெரியல."

"இருக்கும்."

அவர் படித்தார். தெக்லா ஏற்கனவே வெட்டிய கேக்கை மறுபடி வெட்டிக்கொண்டிருந்தார். இவோனா தட்டுகளை அடுக்குகிற பாவனையில் இருவரையும் பார்த்தாள். பக்கம் ஒன்று திரும்பியது. இன்னொன்று திரும்பியது.

"நல்லா எழுதியிருக்கே தெக்லூனியா."

"இப்பத்தான் படிக்கிறியா?"

"அப்ப ஆத்தை மட்டும்தான் பாத்தேன்."

தெக்லா கத்தியைக் கீழே வைத்தார். கழுத்திலிருந்து நெற்றிவரை அவர் முகம் சிவந்துகொண்டு வந்தது. அம்மா வெட்கப்பட்டு இவோனா இதற்குமுன் பார்த்ததில்லை. விதோல்ட் எழுந்து போய் மனைவியின் தலையுச்சியில் முத்தம் வைத்தார். தெக்லா அவர் டையைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

"கால் ஈரமா இருக்கே. செருப்போடவா போனே?" என்றார் டைக்குள்ளிருந்து.

"ம்."

"முட்டாள்."

"ம்."

இத்தோடு நாம் நாகரிகமாகக் கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கலாம். ஆனால் விதோல்டுக்கு ஒரு பழக்கம். ஒரு கணக்கு சரியாக வந்தால் அடுத்ததையும் போட்டுப் பார்ப்பார். புத்தகத்தை மறுபடி கையில் எடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கோட்டைக் கரையில, கிளம்பறப்ப... 'ஒரு கை படகைத் தள்ளிவிட்டது. அது யாருடையது என்று அவன் பார்க்கவில்லை.' யாரு கை இது?"

"எனக்கும் தெரியாது" என்றார் தெக்லா. "யாராவது தள்ளிவிட்டா தேவலைன்னு இருந்துச்சு. எழுதிட்டேன்."

விதோல்டின் தலை மெதுவாகத் திரும்பியது. மேசையின் கோடியில் பானி ரொசாலியா ஊறவைத்த ஹெர்ரிங் மீனை முள்கரண்டியில் குத்தி வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"அந்த வருஷம் வசந்தத்துல பிஷெக் டோல்னி மதகு மேல நீங்க வந்து நின்னு என்னைக் கன்னாபின்னான்னு திட்டிட்டுப் போனீங்களே. கெண்டை மீன் வாங்க வந்தேன்னு சொன்னீங்க."

"மீனா? எனக்கு மீனே ஆகாதே" என்றார் பானி ரொசாலியா, ஹெர்ரிங்கை விழுங்கிவிட்டு.

தெக்லா டையை விட்டார். "பானி ரொசாலியா, நான் உங்களை அனுப்பலையே."

"நீங்க அனுப்பினீங்கன்னு நான் சொன்னேனா?"

"அப்ப யாரு?"

பானி ரொசாலியா கைத்துணியால் வாயைத் துடைத்தார். அவசரமே இல்லை. இத்தனை வருஷம் பூட்டி வைத்திருந்ததைத் திறக்கிறவருக்கு அவசரம் எதற்கு? அவர் பார்வை தெக்லாவைத் தாண்டி, விதோல்டைத் தாண்டி, தட்டுகளோடு நின்ற இவோனாவிடம் வந்தது.

"என் வீட்டுக் கதவைத் தட்டினாங்க. திறந்து பாத்தேன். அவங்க தலை என் கதவுப் பிடி உயரம்தான் இருந்துச்சு."

இவோனாவுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. லிபியாவை அவள் நிஜமாகவே நம்பினாள். நம்பின பெண் எதற்குப் போய் அந்தக் கதவைத் தட்டினாள்?